அப்பாவிடம் எப்படிச் சொல்வது? உதவுங்கள்

நாங்கள் கோத்தகிரி. அப்பாவுக்கு 72 வயது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் நிதானமாக இறக்கியவர். போன வாரம் மேட்டுப்பாளையம் இறங்கும்போது மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே வந்தார். கருகல் வாடை அடித்தது. இருட்டியதும் எதிரே வந்த பஸ் விளக்குக்குக் கண்ணைச் சுருக்கியவர், வண்டியை நடுரோட்டுக்கே கொண்டுபோய்விட்டார். கேட்டால் "நாப்பது வருஷமா ஓட்டுறேன்டா" என்கிறார். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம். கண்புரையோ என்று சந்தேகம்.

இந்த வயதில் லைசென்ஸ் புதுப்பிப்பது 5 வருடத்துக்கு ஒருமுறைதான். அவருக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதுவரை காத்திருக்க முடியாது. சாவியைப் பிடுங்கவும் மனசு வரவில்லை. பகலில் மட்டும், ஊருக்குள் மட்டும் என்று உங்கள் வீட்டுப் பெரியவரை யாராவது சம்மதிக்க வைத்திருக்கிறீர்களா? என்ன சொன்னீர்கள்? குன்னூர் பக்கம் பொறுமையாகப் பேசும் கண் மருத்துவர் இருந்தாலும் சொல்லுங்கள்.