நோயாளியைத் தொடாதவர் டொக்டருக்குப் படிப்பிக்கலாமா?

வெள்ளவத்தை அம்மா:
மகளுக்கு மருத்துவ பீடம் கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. எந்தப் பீடம் என்று கேட்காதீர்கள், சொன்னால் அவள் என்னோடு கதைக்க மாட்டாள். போன ஞாயிறு அவளுடைய நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, படிப்பிக்கிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பீடத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்த்தேன். உயிர் இரசாயனவியலில் பாதிப்பேருக்குப் பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ். கிடையாது. பி.எஸ்சி., எம்.பில்., பி.எச்.டி. என்று போகிறது. ஒருவர் விவசாய பீடத்தில் படித்தவர். உடற்கூற்றியலுக்கு வருகிறவரோ மிருக வைத்தியர்! கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தேன். மிருக வைத்தியர்தான்.

இந்தப் பிள்ளை உயர்தரத்தை இரண்டு தரம் எடுத்தவள். டியூஷனுக்கு ஏறி இறங்கிய முச்சக்கரவண்டிக் காசைச் சேர்த்திருந்தால் ஊரில் ஒரு காணி வாங்கியிருக்கலாம். ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்காத ஒருவர், டொக்டராகப் போகிற பிள்ளைக்கு என்னத்தைப் படிப்பிப்பார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பழைய வாட்டுக்காரன்:
தங்கச்சி கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் முப்பது வருடத்துக்கு மேல் போதனா வைத்தியசாலைகளில் பொது வைத்திய நிபுணராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளியில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போதனா வைத்தியசாலையில் இரண்டு வகை வாட்டு உண்டு. ஒன்று பேராசிரியர் பிரிவு. அங்கே பல்கலைக்கழகத்து ஆட்களே நோயாளிகளையும் பார்ப்பார்கள், மாணவர்களுக்கும் படிப்பிப்பார்கள். மற்றது சுகாதார அமைச்சின் வாட்டு. அங்கே இருக்கிற நிபுணர்களுக்குப் பல்கலைக்கழகப் பதவி இல்லை, ஆனால் காலையில் மாணவர் கூட்டம் அவர்களுக்குப் பின்னாலும் வரும். நான் இந்த இரண்டாவது வகை. எந்த இணையத்தளத்தில் தேடினாலும் என் பெயர் அகப்படாது.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1870 இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது படிப்பித்தவர்கள் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர்மார்தான். கின்சி வீதியில் பீடத்து மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பள்ளியின் இரண்டாவது அதிபராக இருந்த டொக்டர் கொக்கின் நினைவாக 1881 இல் எழுப்பியது அது.

என் கட்சி இதுதான்: நோயாளியைப் பார்க்கிறவனுக்குத்தான் எதைப் படிப்பிக்காமல் விடலாம் என்று தெரியும். பிள்ளைகள், சாப்பாட்டிலிருந்து உடம்பு சக்தி எடுக்கிற கிரெப்ஸ் சக்கரத்தை எட்டுப் படியோடும் பாடமாக்கி, பரீட்சையில் கொட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். கட்டிலருகே நின்ற இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் கிரெப்ஸ் சக்கரத்தை நினைத்ததில்லை.

ஆய்வுகூட எலி:
நினைக்காமலா ஐயா ஊசி போட்டீர்கள்? சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்காகக் கசிப்பில் கிடந்த ஒருவரை மூளை குழம்பிய நிலையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன் தயமின், அதுதான் விட்டமின் பி1, போடச் சொல்வீர்களா இல்லையா? குளுக்கோஸ் உடைந்து வருகிற பைருவேற்று அந்தச் சக்கரத்துக்குள் போக வேண்டுமானால், வாசலில் நிற்கிற நொதியத்துக்குத் தயமின் வேண்டும். தயமின் வற்றிய உடம்பில் குளுக்கோஸை மட்டும் விட்டால் இருக்கிற சொட்டும் தீர்ந்து, மூளைக்குச் சேதம் வரலாம். அந்த மூளைச் சேதத்தை வேர்னிக்கே என்று பெயர் சொல்லி வாட்டில் காட்டுவது நீங்கள். அதற்கு மூன்று வருடம் முன்னால் அந்த வாசலைக் காட்டி வைத்தவன் என்னைப் போல ஒருவன்.

அம்மா, அந்தப் பாதிப்பேரில் நானும் ஒருவன். வேறு பீடமாகவும் இருக்கலாம், அதே பீடமாகவும் இருக்கலாம், நானும் சொல்ல மாட்டேன். இரசாயனவியலில் பி.எஸ்சி., பிறகு பி.எச்.டி., மருத்துவ மாணவர்களோடு பதினொரு வருடம். எங்கள் துறையில் ஒரு விரிவுரையாளர் பதவிக்கு இரண்டு தடவை விளம்பரம் போட்டோம். எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. ஏன் வரப் போகிறார்கள்? பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் சனல் பண்ண, அதாவது தனியாரில் நோயாளி பார்த்துக் காசு உழைக்க, உயிர் இரசாயனவியலில் என்ன இருக்கிறது? நொதியத்தைக் காட்ட யாரும் நம்பர் எடுத்துக்கொண்டு வாங்கில் குந்தியிருக்க மாட்டார்கள்.

தெமட்டகொட நானா:
என் மகன் இந்தியாவில் எம்.பி.பி.எஸ். செய்தவன். திரும்பி வந்து இங்கே மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையோடு மல்லுக்கட்டியது தனிக்கதை. அவன் சொன்னதைச் சொல்கிறேன். அங்கே முன்பு உடற்கூற்றியலிலும் உடற்றொழிலியலிலும் 30 வீதம், உயிர் இரசாயனவியலில் 50 வீதம் வரை டொக்டர் அல்லாதவர்களை வைத்துக்கொள்ளலாமாம். 2020 இல் தேசிய மருத்துவ ஆணையம் மூன்றையும் 15 வீதத்துக்கு இறக்கிவிட்டது. மருந்தியலிலும் நுண்ணுயிரியலிலும் அவர்களுக்கு இடமே இல்லாமல் போனது. அவ்வளவு பெரிய நாடு சும்மாவா செய்யும்? தம்பி எலி கோபிக்க வேண்டாம்.

ஆய்வுகூட எலி:
கோபமில்லை நானா. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2025 இல் அதே ஆணையம் மருந்தியல், நுண்ணுயிரியல் கதவுகளைத் திரும்பவும் திறந்தது. எம்.எஸ்சி., பி.எச்.டி. வைத்திருப்பவர்களை எடுக்கலாம் என்று விதியிலேயே எழுதினார்கள். கல்லூரிகளைக் கூட்டிக்கொண்டே போனால் படிப்பிக்க ஆள் வேண்டாமா?

தெமட்டகொட நானா:
அப்படியென்றால் ஆள் தட்டுப்பாட்டுக்காகத் திறந்த கதவு அது. தரத்துக்காகத் திறந்ததில்லையே தம்பி.

இறுதியாண்டு:
பரீட்சைக்கு ஏழு கிழமை இருக்கிறது, நான் ஏன் இதற்குள் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சரி, ஒரு கதை.

உயிர் இரசாயனவியல் விரிவுரையில் ஒரு நாள், இரசாயனவியல் பி.எச்.டி. செய்த ஒரு மிஸ், மூடி போட்ட சின்னப் போத்தல் ஒன்றை வரிசை வரிசையாக அனுப்பினார். உள்ளே அசிற்றோனில் நனைத்த பஞ்சு. "மணந்துவிட்டுக் கொடுங்கள், எழுத வேண்டாம்" என்றார். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் மணம். சிலருடைய மூக்குக்கு இது சரியாகப் பிடிபடாது, யார் யாருக்கு என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

போன வருடம் ஓர் இரவு அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றேன். பத்தொன்பது வயதுப் பையன், வயிற்றுவலி, வாந்தி, மேல்மூச்சு கீழ்மூச்சு. எல்லோரும் குடல்வால் என்று வயிற்றை அமுக்கிக்கொண்டு நின்றார்கள். நான் முகத்துக்குக் கிட்டக் குனிந்தேன். அந்தப் போத்தல்! விரலில் குத்திப் பார்த்தால் குளுக்கோமீற்றரில் இலக்கமே வரவில்லை, அளவு மீறியது என்று எழுத்துத்தான் வந்தது. நீரிழிவு கட்டுமீறினால் மூச்சில் அந்த மணம் வரும். நீரிழிவு இருப்பதே அந்தப் பையனுக்குத் தெரியாது. என் பக்கத்தில் நின்ற நண்பனுக்கு ஒரு மணமும் வரவில்லை. போத்தல் சுற்றி வந்த அன்றும் அவனுக்கு வரவில்லை.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். பெயர் பெற்ற நிபுணர் ஒருவருக்கு எங்களுக்கு எட்டு விரிவுரை போட்டிருந்தார்கள். மூன்றுக்குத்தான் வந்தார். மிச்சம் ஐந்தும் "பிறகு பார்ப்போம்" ஆகிப்போனது. ஆனால் அந்த மூன்றுக்கும் நான் குறிப்பே எடுக்கவில்லை, இன்றைக்கும் வரி வரியாகச் சொல்வேன்.

பழைய வாட்டுக்காரன்:
தம்பி, நீ நல்ல டொக்டராக வருவாய். ஆனால் ஒன்று கேட்கிறேன். வயிற்றுவலி என்று வந்தவனுடைய வாயருகே ஏன் குனிந்தாய்? அவன் மூச்சு வாங்கிய விதம் உன் கண்ணில் பட்டிருக்கிறது. அந்தப் பார்வையைப் போத்தலில் அடைத்து வரிசையில் அனுப்ப முடியாது. அது வாட்டில் வருவது.

எனக்குப் பி.எச்.டி.க்காரர்கள் மேல் காழ்ப்பில்லை. இரண்டையும் சேர்த்து வைத்திருந்தவர்கள் இந்த ஊரிலேயே இருந்திருக்கிறார்கள். பொரளையில் இப்போது எம்.ஆர்.ஐ. என்கிற நிறுவனம் 1900 இல் பக்டீரியா ஆய்வு நிலையமாகத் தொடங்கியது. அங்கே இருந்த இத்தாலிய டொக்டர் அல்டோ கஸ்டெல்லானி, 1905 இல் பறங்கி நோயின் கிருமியைக் கொழும்பில் வைத்துத்தான் கண்டார். அவர் மருத்துவக் கல்லூரியில் படிப்பித்தவரும்கூட. நம் காலத்தில் கார்லோ பொன்சேகா. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு உடற்றொழிலியலுக்கு வந்தவர். தீமிதிக்கிறவர்களின் கால் ஏன் சுடுவதில்லை என்று ஆராய்ச்சி செய்தவர். 1991 இல் ராகம பீடத்துக்கு முதலாவது பீடாதிபதியானவர். டொக்டர்மாரை அந்தத் துறைகளுக்குக் கொண்டுவர வழி பாருங்கள் என்கிறேன். ஆள் வரவில்லை என்று கதிரையை வேறு ஆளுக்குக் கொடுப்பது வழியாகாது.

ஆய்வுகூட எலி:
வேறு ஆள்! சரி. 2023 மருத்துவ நோபெல் பரிசு பெற்ற கத்தலின் கரிக்கோ உயிர் இரசாயனவியலாளர். கொவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டபோது அவர் எந்த வாட்டில் வேலை செய்தவர் என்று கேட்டீர்களா? 1979 இல் சீ.ரி. ஸ்கானுக்காகப் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்ட் பொறியியலாளர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவக் கல்லூரிகளை ஏறி இறங்கிப் பார்த்து, முழுநேர ஆசிரியர்களும் ஒழுங்கான ஆய்வுகூடமும் இல்லாத இடங்களை 1910 இல் அக்குவேறாக எழுதி வைத்த பிளெக்ஸ்னர் யார்? பள்ளிக்கூட வாத்தியார். எம்.பி.பி.எஸ். படிப்பின் முதல் வருடங்கள் இன்றைக்கு இருக்கிற மாதிரி இருப்பதில் அந்த வாத்தியாருக்கும் பங்கு உண்டு ஐயா.

பழைய வாட்டுக்காரன்:
கரிக்கோவோடு பரிசைப் பகிர்ந்த வைஸ்மன் டொக்டர். அதை விட்டுவிட்டீர்கள். அதுவும் போகட்டும். நோபெல் வாங்கியவர் முதலாமாண்டுப் பிள்ளைக்கு நன்றாகப் படிப்பிப்பார் என்று யார் சொன்னது? ஆராய்ச்சி வேறு, படிப்பிப்பது வேறு. தங்கச்சி கேட்டது படிப்பிப்பதைப் பற்றி.

மானிப்பாயான்:
எல்லோரும் கொழும்பையே கதைக்கிறீர்கள். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 1848 இலேயே மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார், கொழும்புக்கு 22 வருடம் முந்தி. பிறகு தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்றியல் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவந்தார். அமெரிக்காவில் இருந்து வந்த மனிதர்! இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் தமிழில் ஒரு எலும்பின் பெயர் சொல்லுவார்களா?

இறுதியாண்டு:
தொடை எலும்பு. விலா எலும்பு. அண்ணை, நான் படிக்கப் போகிறேன்.

மட்டுறுத்துநர்:
மானிப்பாயான், அதற்குத் தனித் திரி தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே தலைப்பு ஆசிரியர்களின் பின்னணி.

வெள்ளவத்தை அம்மா:
இரண்டு நாளாக எல்லாவற்றையும் வாசித்தேன். தயமின் கதையை மகளிடம் சொன்னேன், "அது எங்களுக்குத் தெரியும் அம்மா" என்றாள். சரி, அந்த உயிர் இரசாயனவியல் ஆட்களை இப்போதைக்கு விடுகிறேன். மிருக வைத்தியரை விடவில்லை.

ஆனால் இப்போது வேறு பிரச்சினை. அந்த மிருக வைத்தியர், சனிக்கிழமை குழுவுக்கு ஒரு ஆட்டு இதயம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாராம். முறை என் மகளுடையது. எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி சமைத்தே நான் கண்டதில்லை, நாளைக்கு வெள்ளிக்கிழமை வேறு. இதயத்தை வெட்டாமல் முழுசாக எங்கே வாங்கலாம்? வைத்திருக்க எங்கள் பிரிட்ஜில் இடமில்லை. இடம் இருந்தாலும் இல்லை.

தெமட்டகொட நானா:
நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள். என் மச்சானுக்கு இறைச்சிக் கடை. சனி காலை ஆறரைக்கு மகளை அனுப்புங்கள், அப்போதுதான் வந்திருக்கும். மேலே குழாய்களோடு விட்டுத் தரச் சொல்கிறேன். கறிக்கு வெட்டுகிற மாதிரி வெட்டினால் பிள்ளைக்கு உதவாது.

பழைய வாட்டுக்காரன்:
பெருநாடியை இரண்டு விரல் அளவாவது விட்டு வெட்டச் சொல்லுங்கள் நானா. அப்போதுதான் வால்வைத் திறந்து பார்க்கலாம். தங்கச்சி, மகளிடம் இதையும் சொல்லி அனுப்புங்கள்: ஆட்டில் இடப்பக்கத்து அசிகஸ் நாளம் நேரே இதயத்தின் பின்பக்கமாக வந்து சேரும், மனிதனில் அப்படி இல்லை. அதைப் பார்த்துப் பிள்ளைகள் பிழையாகப் பாடமாக்கிவிடுவார்கள். இதற்குத்தான் சொல்கிறேன், மனித உடம்பு தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று.

வெள்ளவத்தை அம்மா:
கேட்டேன் ஐயா. அந்த நாளத்தைக் காட்டத்தான் ஆட்டு இதயமே கேட்டிருக்கிறாராம்.