பழைய காருக்கு இன்னொரு திறப்பு: வன்னியில் நமது அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

கைமாறி வரும் கார்களுடன் பெரும்பாலும் ஒரு திறப்புத்தான் வருகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதால், இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த கார்களே ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கைமாற்றங்களில் இரண்டாவது திறப்பு எங்கோ தங்கிவிட்டது. நான் வாங்கிய ரொயோட்டா விற்ஸ் காரும் ஒற்றைத் திறப்புடன்தான் வந்தது. முதலில் விசாரித்த இடத்தில் புதிய திறப்பு, சிப், றிமோட், திறப்பைக் காரின் பதிவில் சேர்க்கும் கோடிங் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். காரைப் பார்க்காமலேயே சொன்ன விலை அது என்பதால் நான் அவசரப்படவில்லை.

பின்னர் வவுனியாவில் திறப்பு வெட்டும் ஒரு பெரியவரிடம் போனபோது, "சிப் இல்லாத சாதாரணத் திறப்பு ஒன்றை வெட்டிப் போட்டுப் பார்ப்போம், தம்பி, மற்றதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்" என்றார். வெட்டிய திறப்பு இக்னிஷனில் திரும்பியது. என்ஜின் ஸ்டார்ட் ஆகி, அணையாமல் ஓடியது. திறப்பிலுள்ள சிப்பை அடையாளம் காணாவிட்டால் என்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசர் என் காரில் இல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 இலிருந்து புதிய கார்களுக்கு அது கட்டாயமானது. ஜப்பானில் அப்படியொரு கட்டாயம் அக்காலத்தில் இருக்கவில்லை. ஆகவே ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு, அங்கு ஓடிய பின்னர் நமக்கு வந்த பழைய கார்கள் பலவற்றில் அது கிடையாது. திறப்பில் பட்டன் இருப்பதை வைத்துச் சிப்பும் இருக்கிறது என்று முடிவு செய்துவிட வேண்டாம். கதவைப் பூட்டித் திறக்கும் பட்டன் வேறு, என்ஜினுக்கு அனுமதி கொடுக்கும் சிப் வேறு. முதலில் கேட்கப்பட்ட தொகையில் மிகச் சிறிய பங்குதான் எனக்குச் செலவானது. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

வவுனியாவிலிருந்து, ஓட்டோ இலெக்ட்ரிக் வேலை செய்பவர்:

அந்தப் பெரியவர் செய்ததே சரியான முறை. சிப் உள்ள காராக இருந்தால் அதே சாதாரணத் திறப்பு இக்னிஷனில் திரும்பும், ஆனால் என்ஜின் பிடிக்காது, அல்லது பிடித்த கணமே அணைந்துவிடும். சிப்புக்குப் பற்றரி தேவையில்லை. இக்னிஷனைச் சுற்றியுள்ள சுருள்தான் அதற்கு மின்சக்தியைக் கொடுத்து, அதன் இலக்கத்தை வாசிக்கிறது. அதனால்தான் றிமோட்டின் பற்றரி செத்த பிறகும் கார் ஸ்டார்ட் ஆகிறது. இது தெரியாமல், பட்டன் வேலை செய்யவில்லை என்பதற்காகவே திறப்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று என்னிடம் வருபவர்கள் பலர். அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு பற்றரி மட்டுமே.

நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது, வேலை செய்யும் திறப்பு ஒன்று கையில் இருக்கும்போதே அடுத்ததைச் செய்துகொள்ளுங்கள் என்பதே. ஒரு திறப்பு இருந்தால் அதன் சிப்பைப் பிரதி எடுக்கலாம், அல்லது புதிய சிப்பைக் காரின் பதிவில் சேர்க்கலாம்; இரண்டும் சிறிய வேலைகள். எல்லாத் திறப்புகளும் தொலைந்துவிட்டால், இம்மொபிலைசரின் பதிவையே அழித்துத் தொடங்க வேண்டியிருக்கும். சில கார்களில் இம்மொபிலைசர் பெட்டியைக் கழற்றி, உள்ளிருக்கும் நினைவகத்தை வாசிக்க வேண்டியும் வரும். அந்த உழைப்புக்கான கூலியை எவரும் குறைத்துக் கேட்க மாட்டார்கள். ரொயோட்டாவில் இன்னொன்றும் உண்டு. தலைப்பகுதி சாம்பல் நிறமாக உள்ள துணைத் திறப்பு காரை ஓட்டும், ஆனால் புதிய திறப்பைப் பதிவில் சேர்க்க அதனால் முடியாது. அதற்குக் கறுப்பு நிறப் பிரதான திறப்பு வேண்டும். காரை வாங்கும்போதே நிறத்தைக் கவனியுங்கள்.

பற்கள் தேய்ந்த திறப்பைப் பார்த்து வெட்டினால் புதியதும் தேய்ந்ததாகவே பிறக்கும். ஜப்பானிலிருந்து வந்த சில கார்களுடன் சிறிய உலோகத் தகடொன்றில் திறப்பு இலக்கம் இருக்கும். அது கிடைத்தால் அந்த இலக்கப்படி வெட்டச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

எங்களுடையது ரொயோட்டா கொரோலா 110. அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போன தம்பியின் சட்டைப் பையிலிருந்து இருந்த ஒரே திறப்பும் விழுந்துவிட்டது. அறுவடை இயந்திரம் ஓடிய வயலில் தேடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. கார் குளக்கட்டின் ஓரத்தில் நின்றது. அதை ஏற்றி, ஏ34 வீதியால் மாங்குளத்துக்கும் அங்கிருந்து ஏ9 வீதியால் வவுனியாவுக்கும் கொண்டுபோகக் கேட்ட வாடகை, திறப்புக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருந்தது. கராஜ் வைத்திருக்கும் எங்கள் மாமா, காரை ஏன் கொண்டுபோக வேண்டும், பூட்டைக் கொண்டுபோனால் போதாதா என்று கேட்டார். சாரதிப் பக்கக் கதவின் கண்ணாடி சற்று இறங்கியிருந்தது வசதியாயிற்று. கதவின் உட்பலகையைக் கழற்றி, பூட்டின் உருளையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனேன். திறப்பு வெட்டுபவர் உருளைக்குள் உள்ள தகடுகளின் உயரத்தைப் பார்த்து ஒரு திறப்பை அராவித் தந்தார். அது கதவுக்கும் சரிவந்தது, இக்னிஷனுக்கும் சரிவந்தது. சிப் உள்ள கார்களுக்கு இந்த வழி கதவைத் திறக்க மட்டுமே உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

என் திறப்பின் பிளாஸ்டிக் கூடு உடைந்ததுதான் பிரச்சினை. வெற்றுக் கூடு தனியாகவே விற்கிறார்கள். பழைய கூட்டிலிருந்த மின்சுற்றுப் பலகையையும் சிப்பையும் புதியதற்கு மாற்றினோம். கோடிங் எதுவும் தேவைப்படவில்லை. சிப் மிகச் சிறியது, பழைய கூட்டின் மூலையில் ஒட்டியிருக்கும். அதை எடுத்து முடிக்கும்வரை பழைய கூட்டை எறிந்துவிடாதீர்கள்.

மடுவிலிருந்து:

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும், ஸ்மார்ட் திறப்பு உள்ள ரொயோட்டா அக்வா என்னிடம் இருக்கிறது. ஜப்பானில் பாவித்த திறப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டு விசாரித்தேன். ஏற்கெனவே ஒரு காரில் பதிவான ரொயோட்டா ஸ்மார்ட் திறப்பு, அந்தப் பதிவு நீக்கப்படாமல் வேறு காரில் ஏறாது. ஆகவே உள்ளே உள்ள பலகையின் இலக்கம் ஒத்துப்போக வேண்டும், பழைய பதிவு நீக்கப்பட்டிருக்க வேண்டும், கோடிங் முடிந்து கார் ஓடிய பிறகே பணம் தருவேன் என்று பேசி வாங்கினேன். விற்றவரும் மறுக்கவில்லை.

திறப்பைவிட எனக்குக் கடினமாக இருந்தது ஆவணம். வாகனப் புத்தகம் முன்னைய உரிமையாளரின் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் கார் வாங்கியவர்கள் எல்லோருக்கும் இது வரும். கோடிங் செய்பவர் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். எதையும் கேட்காமல் திறப்புச் செய்து கொடுப்பவரிடம் என் காரை விட எனக்கு மனம் வராது. பெயரை மாற்றிய பின்னரே வேலையை முடித்தோம். உங்கள் கார் முன்பு லீசிங்கில் இருந்ததாயின், இரண்டாவது திறப்பு அந்த நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதா என்று பழைய உரிமையாளரிடம் ஒருமுறை கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் கேட்டே, ஒரு சதமும் செலவில்லாமல் தன் திறப்பை மீட்டார்.

வவுனியாவிலிருந்து, ஓட்டோ இலெக்ட்ரிக் வேலை செய்பவர்:

மடு அண்ணா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். கோடிங் செய்யும்போது, காரின் பதிவில் மொத்தம் எத்தனை திறப்புகள் இருக்கின்றன என்று, காரில் இணைத்து அதன் பதிவை வாசிக்கும் ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். கையில் இருப்பவற்றைவிட அதிகமாகக் காட்டினால், மற்றவற்றை அழித்துவிடும்படி கேளுங்கள். அதே இணைப்பில் செய்து முடிக்கக்கூடிய வேலைதான். பழைய திறப்பு யாரிடம் இருந்தாலும் அதன் பிறகு அது உங்கள் என்ஜினை ஸ்டார்ட் செய்யாது.