பழைய களஞ்சியத்தைச் சீரமைக்க அரசு மானியம்: முதலில் எதைச் செய்வது?

கேள்வி:
கிராமப் பொதுக் களஞ்சியம் ஒன்று. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது, சுவர் 60 செ.மீ. தடிமன், ஓட்டுக்கூரை. இரண்டு கைமரங்களின் நுனி உளுத்திருக்கிறது. வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை ஈரம். அந்த இடத்தில் பிற்காலத்தில் போட்ட சிமென்ட் பூச்சு. விண்ணப்பிக்கும் முன் கூரையை மட்டுமாவது சரிசெய்துவிடலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். அனுமதிக் கடிதம் வருவதற்கு முன் தொடங்கிய வேலைக்குப் பெரும்பாலான திட்டங்களில் பணம் கிடைக்காது. ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் போட்டு, உளுத்த கைமரத்துக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். தற்காலிக ஏற்பாடு என்று எழுதி அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

இன்னொன்று, மானியம் பெரும்பாலும் முன்பணமாக வராது. செலவழித்து, ரசீது காட்டிய பிறகுதான் தவணை தவணையாக வரும். இடைப்பட்ட மாதங்களில் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பாதி வேலையில் நிற்பவை அதிகமும் இங்கேதான் நிற்கின்றன.

மறுமொழி 2:
ஈரத்துக்குக் காரணம் அந்தச் சிமென்டாக இருக்கலாம். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், 'தொப் தொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் வெளியேறிவிடும். சிமென்ட் அதை அடைப்பதால் மேலே ஏறும். ஈரத்தோடு வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லின் முகத்தையே பொருக்குப் பொருக்காக உரிக்கும்.

சிமென்ட் பூச்சை உளியால் கையாலேயே பெயர்த்தெடுக்க வேண்டும், மெஷின் வேண்டாம். வெளித் தரைமட்டம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் உள்தரையைவிட 15 செ.மீ. தாழ இறக்குங்கள். பீலியையும் (கூரைத் தண்ணீரை ஏந்தும் தாழ்வாரக் கால்வாய்) வடிகாலையும் சரிசெய்யுங்கள். அப்புறம் காய விடுங்கள். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது கைக்கணக்கு, 60 செ.மீ. சுவருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு! மானியக் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடலாம். அதனால் கூரை, பீலி, வடிகால், சிமென்ட் நீக்கம் ஆகியவற்றை முதல் விண்ணப்பத்திலும் புதுச் சுண்ணாம்புப் பூச்சை அடுத்ததிலும் கேளுங்கள். ஈரச் சுவரில் அவசரமாகப் பூசினால் மறுபடியும் உப்புப் பூக்கும்.

கேட்டவர்:
கைமரங்களை முழுசாக மாற்றிவிடலாமா? ஒப்பந்ததாரர் அதுதான் மலிவு என்கிறார்.

மறுமொழி 3:
மலிவாக இருக்கலாம், மானிய விண்ணப்பத்தை மதிப்பிடுபவர் ஏற்பது கடினம். உளுத்த நுனியை மட்டும் நல்ல மரம்வரை வெட்டி, அதே வகை மரத்தில் சாய்வெட்டாக ஒட்டுப்போடுங்கள். புதுத் துண்டில் ஆண்டைச் செதுக்கிவிடுங்கள். மாற்றிய பகுதி முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் பழையதிலிருந்து வேறுபடுத்தி அறியவும் முடிய வேண்டும் என்கிறது பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம்.

செலவு மதிப்பீட்டில் 'கூரை வேலை' என்று மொத்தமாகப் போடாமல், எண் போட்ட ஒவ்வொரு கைமரத்துக்கும் நீளம், வெட்டும் அளவு, புகைப்படம் தாருங்கள். ஓடுகளைப் பிரித்தால்தான் தெரியும் சேதத்துக்கு 10 முதல் 15 சதவீதம் தனி இனமாகச் சேருங்கள்.

ஒட்டுப்போட்ட இடத்தை ஓடு வேய்வதற்கு முன் அளவுகோலோடு படமெடுங்கள். வேய்ந்த பிறகு ஆய்வுக்கு வருபவர் கண்ணுக்கு அது தெரியாது. கடைசித் தவணை அங்கேதான் சிக்கும்.