மாமாவுக்குக் களி மட்டும் குறையவே இல்லை

காரிமங்கலம் மருமகள்:

எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி எதையாவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

மாமாவுக்கு 67 வயது. இன்னமும் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவர். இரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பட்டும் இருந்தது. போன தையில் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.1 என்று வந்தது. அதற்கு முந்தையது 7.4. மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை, நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். டாக்டர் "சாப்பாட்டில் என்ன மாறியது?" என்று கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து நான்கு நாள் அவர் தட்டைக் கவனித்தேன். மதியம் இரண்டு உருண்டை களி. அதில் குறையே இல்லை. நம் பக்கத்தில் களியை யாரும் மெல்ல மாட்டார்கள். கிள்ளி உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவதுதான். குழம்புச் சாறும் நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் தட்டின் ஓரத்தில் அவரைக்காய் அப்படியே ஒதுங்கிக் கிடந்தது. நடுவில் ஒரு துண்டு, கடித்துப் பார்த்துச் சக்கையாகத் துப்பியது. ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி வைத்தபோது கறித்துண்டுகளை எலும்போடு சேர்த்து நாய்க்குப் போட்டுவிட்டார். மடியில் எப்போதும் வறுத்த கடலைக்காய் வைத்துக்கொண்டு கொறிக்கிற மனுஷர், அதையும் எப்போது விட்டார் என்றே எனக்குத் தெரியவில்லை. கொய்யா இல்லை, முள்ளங்கி இல்லை. கேட்டால் "வயிறு மந்தமா இருக்கும்மா, வேண்டாம்" என்பார்.

பகலெல்லாம் பசி எடுக்குமே, அதற்கு டீயில் தோய்த்த வர்க்கியும் பிஸ்கெட்டும். ஆறு டீ. வீட்டில் சர்க்கரை போடுவதில்லை. கடையில் போட்டுக் கொடுக்கிறார்கள், இவரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஒரு டீக்கு இரண்டு கரண்டி என்றாலே 8 கிராம் வரும். நான்கு டீ கடையில் குடித்தால் 32 கிராம், வர்க்கி தனி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் என்கிறது. அது சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொன்ன அளவு.

வயிறு இல்லை, பல்தான் என்று கண்டுபிடித்தது என் மகள். "தாத்தா, ஆ காட்டுங்க" என்று விளையாட்டாகக் கேட்டு, "அம்மா, தாத்தா பல்லு ஆடுது" என்று ஓடி வந்தாள். மருமகளிடம் பல்வலி என்று சொன்னால் தனியாகச் சமைக்கச் சொல்வது போல் ஆகிவிடுமே என்று இருந்திருக்கிறார். அதைக் கேட்டு அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். 19 பல் மிச்சம் இருந்தது. அதில் கீழ்க் கடைவாய்ப்பல் மூன்று ஆடின, ஈறு வீங்கி அழுத்தினால் சீழ் வந்தது. மேலே கடைவாய்ப்பல் நான்கு நன்றாகத்தான் இருந்தன, ஆனால் கீழே அவற்றுக்கு உறுதியான ஜோடி இல்லை. "அரைக்கிறதுக்கு உரலும் வேணும், குழவியும் வேணும்மா" என்றார் அந்த டாக்டர். 20 பல்லாவது இருந்தால்தான் பெரும்பாலும் எல்லாவற்றையும் மென்று சாப்பிட முடியும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். ஜப்பானில் 80 வயதில் 20 பல் என்று 1989-லேயே ஓர் இயக்கம் தொடங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார், அதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டுச் சீழ் பிடித்தால் சர்க்கரை கட்டுப்படாது. நடுவில் பல் ஆடுவதால் காயும் கடலையும் போய் வர்க்கி வருகிறது. நான் மாத்திரையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பென்னாகரத்தான்:

அக்கா, எங்கள் கதை வேறு மாதிரி, ஆனால் முடிவது சாப்பாட்டில்தான். எனக்கு 41 வயது. சின்ன வயதில் எங்கள் ஊரில் போர் தண்ணீர்தான். என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அதைத் தாண்டிய கிணறுகள் நிறைய. பல் ஈறுக்குள் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீர் குடித்தால் எனாமலிலேயே கறை விழுந்துவிடும். மேலே ஒட்டிய அழுக்கு கிடையாது, தேய்த்தால் போகாது.

அது யாருக்குத் தெரியும்? "பல்லே விளக்க மாட்டியா" என்று பள்ளியில் கேட்பார்கள். நான் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தேன். அப்புறம் உமிக்கரியும் கல் உப்பும். பத்து வருடம் தேய்த்ததில் கறை போகவில்லை, ஈறோரத்தில் பல் பள்ளம் விழுந்ததுதான் மிச்சம். இப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் மண்டை வரைக்கும் கூசும். அதனால் மோர் விட்டேன், கொய்யா விட்டேன், காய்களில் குழைந்ததை மட்டும் சாப்பிடுவேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டேன், வாயைத் திறந்து மெல்ல வெட்கம். வெளியே வந்து பரோட்டாவைச் சால்னாவில் ஊற வைத்துத் தின்றுவிட்டுப் போவேன்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது. என் பிள்ளைகள் பல் வெள்ளையாக இருக்கிறது, அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். குளிக்க, துவைக்கப் பிடியுங்கள். சின்னப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள், சமைக்கவும் வேண்டாம். காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

பிள்ளைகளுக்குக் களியும் கூழும் மோரும் கீரையும் விடாமல் கொடுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. குடலில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் ஃப்ளோரைடு உடம்பில் சேருவது குறையும். எனக்கு இதை 35 வயதில்தான் சொன்னார்கள்.

ஓசூர் ஷிஃப்ட்:

வயது 29. சிப்காட்டில் வேலை. நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமல் இருக்க 600 மில்லி கூல்டிரிங்க் வாங்கி மெஷின் பக்கத்தில் வைத்து, ராத்திரி பத்திலிருந்து விடிய நாலு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன். மூன்று வருடம். ஏழு பல் சொத்தை, இரண்டுக்கு வேர் சிகிச்சை. பாட்டிலில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை என்பது ஒரு பக்கம். ஒரே மூச்சில் குடித்திருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது என்றார் டாக்டர். ஒவ்வொரு வாய்க்கும் அரை மணி நேரம் பல் புளிப்பில் ஊறும். அது சரியாவதற்குள் அடுத்த வாய். இப்போது தண்ணீரும் அவித்த சுண்டலும் கொண்டு போகிறேன். இன்னும் இடப் பக்கம் மெல்ல முடியாது.

மாந்தோப்பு:

ஒரு வரி சேர்க்கிறேன். மாங்காய் சீசனில் தோப்பில் வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க உப்பு மிளகாய்த்தூளோடு பச்சை மாங்காய் தின்போம். பல் கூசும். உடனே போய்ப் பல் விளக்காதீர்கள், புளிப்பில் எனாமல் இளகியிருக்கும்போது தேய்த்தால் தேய்ந்துவிடும். வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் கழித்து விளக்குங்கள்.

சூளகிரி தன்னார்வலர்:

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறேன். இந்தத் திட்டமே எங்கள் பக்கம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை கொடுப்பது என் வேலை. பல்லைப் பார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகப் பார்க்கிறேன்.

ஓர் ஆயா வீட்டில் பல்செட் ஒரு திருநீற்று டப்பாவில் இருந்தது. வெளியே போகும்போது போட்டுக்கொள்வார், சாப்பிடும்போது கழற்றி வைத்துவிடுவார்! "ஏன் ஆயா?" என்றால் "சோறு மாட்டிக்குதும்மா, ஈறு அறுக்குது" என்றார். பல் எடுத்த பிறகு தாடை எலும்பு வருடா வருடம் தேய்ந்துகொண்டே போகும். முன்பு எடுத்த அளவு இப்போது தளர்ந்துதான் இருக்கும், அதை மறுபடி சரிசெய்து கொடுப்பார்கள். அது தெரியாமல் ஆறு வருடமாகப் பாலும் பன்னும் ரசம் சோறும். ஆள் மெலிந்து, ரத்தச்சோகை. பிள்ளைகள் "வயசாச்சு, அதான் சாப்பாடு இறங்கல" என்று விட்டிருந்தார்கள்.

பல்செட் நன்றாகப் பொருந்தினாலும் சொந்தப் பல்லின் வலு வராது. அதனால் கீரையைக் கடைந்து, பருப்பைக் குழைத்து, கடலையை வறுக்காமல் அவித்து, கேரட்டைத் துருவிக் கொடுக்கச் சொல்கிறேன். "என்ன சாப்பிட்டீங்க" என்று நான் கேட்பதில்லை, எல்லோரும் "எல்லாம் சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். "கடலைக்காய் கடைசியா எப்ப தின்னீங்க" என்று கேட்கிறேன்.

அரூர்:

சர்க்கரை இருந்தால் பல் பிடுங்கக்கூடாது, புண் ஆறாது என்கிறார்களே? என் அம்மா அதைச் சொல்லியே வர மறுக்கிறார்.

காரிமங்கலம் மருமகள்:

எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. சர்க்கரை பார்த்துவிட்டு, மாத்திரையை மாற்றி, ஈறைச் சுத்தம் செய்து, ஆறு வாரம் கழித்துத்தான் எடுத்தார்கள். கட்டுக்குள் இருந்தால் ஆறும். எங்கள் மாமாவுக்கு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. சீழோடு அந்தப் பல்லை வாயிலேயே வைத்திருப்பதுதான் ஆபத்து என்று அம்மாவிடம் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

சூளகிரி அக்காவின் கேள்வியை நேற்று மாமாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போன வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு முன்னாடி" என்றார். சாயங்காலம் ஒரு படி பச்சைக் கடலைக்காய் வாங்கி, உப்புப் போட்டு நன்றாகக் குழைய அவித்துத் திண்ணையில் வைத்தேன். அவரே உரித்தார். முதல் பருப்பை இடக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். அப்புறம் மெல்ல ஆரம்பித்தார். எழுந்தபோது முறத்தில் தோல் குவிந்திருந்தது. வெள்ளிக்கிழமை கீழ்ப் பல்லுக்கு அளவெடுக்கப் போகிறோம்.