கார்பார்க்கில் சிக்னல் போனால் ஒரே டெலிவரிக்கு மூன்று முறை பணம் எடுக்கிறது, என்ன செய்வது?

உட்லண்ட்ஸ் வேலு

கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்குச் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் சின்ன கேட்டரிங் கடை, ஆறு வேன் ஓடுகிறது. சாப்பாட்டைக் கொடுத்ததும் டிரைவர் போனில் 'கொடுத்தாச்சு' பொத்தானை அழுத்துவார், அது சர்வருக்குப் போய் வாடிக்கையாளரின் கார்டிலிருந்து பணம் எடுக்கும். ஆப் நான் எழுதியதுதான். பகலில் வேறு வேலை, இது ராத்திரி வேலை.

தொல்லை எல்லாம் கொண்டோ (தனியார் அடுக்குமாடி) பேஸ்மென்ட் கார்பார்க்கில். சிக்னல் வரும் போகும், லிஃப்டுக்குள் சுத்தமாகக் கிடையாது. டிரைவர் அழுத்துகிறார், சக்கரம் சுற்றுகிறது, 10 விநாடி கழித்து 'தோல்வி' என்கிறது, திரும்ப அழுத்துகிறார். போன வாரம் ஈசூனில் ஒரு பாட்டிக்கு 86 வெள்ளி மூன்று தடவை போய்விட்டது. பாட்டி கடைக்கே வந்து மாமாவைப் பிடிபிடி என்று பிடித்தார், மாமா என்னைப் பிடித்தார்.

டைம்அவுட்டை, அதாவது ஆப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை, 60 விநாடி ஆக்கலாமா? இல்லை, இரண்டு சிம் போடும் போன் வாங்கிக் கொடுக்கலாமா?

கோப்பி ஓ கோசோங்

60 விநாடி ஆக்கினால் டிரைவர் 60 விநாடி நின்று உங்களைத் திட்டுவார், அவ்வளவுதான். இரண்டு சிம் போட்டாலும் லிஃப்டுக்குள் இரண்டுமே செத்துப்போகும்.

பதில் வரவில்லை என்றால் கோரிக்கையே போகாமல் இருந்திருக்கலாம், போய்ச் சேர்ந்து சர்வர் பாதியில் விழுந்திருக்கலாம், அல்லது எல்லா வேலையும் முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். போனிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். பாட்டிக்கு நடந்தது கடைசி வகை. அதனால் திரும்ப அனுப்பாமலும் இருக்க முடியாது, திரும்பத் திரும்ப வந்தால் 'இதை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்' என்று சர்வர் கண்டுபிடித்தாகவும் வேண்டும்.

ஒவ்வொரு டெலிவரிக்கும் ஒரு யூயூஐடி (வேறு எதற்கும் வராத தனி அடையாள எண்) உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்புங்கள். சர்வர் டேட்டாபேஸில் அந்த எண்ணை எழுதும் நெடுவரிசைக்கு யுனீக் கட்டுப்பாடு போடுங்கள், ஒரே எண் இரண்டாவது தடவை நுழையாது. முதலில் செலெக்ட் செய்து (தேடி) பார்த்துவிட்டு, இல்லை என்றால் இன்சர்ட் (சேர்ப்பது) என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டும் 'இல்லை' என்று பார்த்துவிட்டு இரண்டும் உள்ளே நுழைந்துவிடும், டேட்டாபேஸே தடுக்கட்டும். இரண்டாவது தடவை வந்தால் பிழை என்று சொல்லாமல், முதல் தடவை கொடுத்த அதே பதிலை எடுத்துக் கொடுங்கள். கார்டு கட்டணச் சேவைக்கும் அதே எண்ணை அனுப்புங்கள், பல சேவைகள் ஏற்றுக்கொள்ளும், ஆனால் சில 24 மணி நேரத்துக்குப் பிறகு அந்த எண்ணை மறந்துவிடலாம், அதைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பொத்தானை அழுத்தியதும் முதலில் போனுக்குள்ளேயே இருக்கும் சின்ன டேட்டாபேஸான எஸ்கியூலைட்டில் எழுதிவிட்டு டிரைவரைக் கிளம்பச் சொல்லுங்கள். சிக்னல் வரும்போது ஆப் தானே அனுப்பட்டும். மனிதனைக் கார்பார்க்கில் நிற்க வைத்து நெட்வொர்க்கைச் சோதிப்பது என்ன நியாயம்?

பாலி மாணவி

ஒரு சந்தேகம். இணையத்தில் தரவைக் கொண்டுபோகும் நெறிமுறையான டிசிபி, தொலைந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) தானே திரும்ப அனுப்பும், வரிசை எண் போட்டு இரட்டையை நீக்கும் என்றுதானே வகுப்பில் சொன்னார்கள்? அப்புறம் நாம் ஏன் அதையே மேலே இன்னொரு தடவை செய்ய வேண்டும்?

பழைய கேபிள்காரன்

நல்ல கேள்வி தங்கச்சி. டிசிபியின் வாக்குறுதி அந்த ஒரு இணைப்பு உயிரோடு இருக்கும்வரைதான். ஆப் தோற்றுப்போய்ப் புது இணைப்பு திறந்து மறுபடி அனுப்பினால் டிசிபிக்கு அது புத்தம் புதுச் செய்தி, பழையதற்கும் இதற்கும் உறவே தெரியாது. அதோடு டிசிபி 'கிடைத்தது' என்று சொன்னால் எதிர்முனைக் கணினியின் இயங்குதளத்துக்குக் கிடைத்தது என்று அர்த்தம். வேலுவின் நிரல் அதைப் படித்து டேட்டாபேஸில் எழுதியதா என்பது வேறு கதை.

சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவரும் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சம்பவம் வருகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பல நெட்வொர்க்குகளைக் கேட்வே (இடைக் கணினி) போட்டு இணைத்திருந்தார்கள். ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் செக்சம் (தரவு கெட்டதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) இருந்தது, அதனால் யாரும் கவலைப்படவில்லை. ஒரு கேட்வே மட்டும் பாக்கெட்டை உள்ளே வாங்கி வெளியே வைக்கும் இடைவெளியில், ஏறக்குறைய 10 லட்சம் பைட்டுக்கு ஒரு தடவை, பைட் ஜோடியை இடம் மாற்றிவிட்டது. தாவல்களில் எல்லாச் செக்சமும் சரி, ஆனால் இயங்குதளத்தின் மூலநிரல் கோப்புகள் கெட்டுப்போயின, கடைசியில் ஆட்கள் பழைய அச்சுப் பிரதிகளோடு கையால் ஒப்பிட்டுத் திருத்தினார்கள். நடுவில் எத்தனை பேர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கடைசிச் சரிபார்ப்பு இரண்டு முனைகளிலும்தான் நடக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வாதம்.

'போய்ச் சேர்ந்ததா என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது' என்று கேட்டால், செய்தி தொலையக்கூடிய பாதையில் இரண்டு பக்கமும் ஒரே உறுதிக்கு வரவே முடியாது. பதிலுக்குப் பதில், அதற்கும் பதில் என்று போய்க்கொண்டே இருக்கும், கடைசியாக அனுப்பியவருக்கு எப்போதும் சந்தேகம். 1975இல் வந்த ஒரு கட்டுரையில் இது இரண்டு ரவுடிக் கும்பல்களின் கதையாக இருந்தது, 1978இல் டேட்டாபேஸ் ஆய்வாளர் ஜிம் கிரே அதை இரண்டு தளபதிகளாக மாற்றிக் கொஞ்சம் மரியாதை கொடுத்தார்.

உட்லண்ட்ஸ் வேலு

கோப்பி அண்ணே, நீங்கள் சொன்னபடி யூயூஐடி, யுனீக் கட்டுப்பாடு எல்லாம் போட்டேன். நேற்று மறுபடியும் ஒருவருக்கு இரண்டு தடவை போய்விட்டது!! இப்போது என்ன?

கோப்பி ஓ கோசோங்

யூயூஐடியை எந்த இடத்தில் உருவாக்குகிறீர்கள்? அனுப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயா?

உட்லண்ட்ஸ் வேலு

ஐயோ. ஆமாம்.

கோப்பி ஓ கோசோங்

ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண் வந்தால் சர்வர் பாவம் என்ன செய்யும். டிரைவர் அந்த டெலிவரியைத் திறக்கும்போதே உருவாக்கி எஸ்கியூலைட்டில் எழுதிவிடுங்கள், ஆப்பை மூடித் திறந்தாலும் அதே எண் இருக்க வேண்டும்.

ஜூரோங் ரஃபிக்

எதற்கு யூயூஐடி, ஆர்டர் எண்ணே போதாதா? ஒரே ஆர்டரில் மதியச் சாப்பாடு ஒரு தடவை, சாயங்காலப் பலகாரம் ஒரு தடவை என்று தனித்தனியாகப் பணம் எடுத்தால் மட்டும்தான் அது உதைக்கும். ஆனால் வாடிக்கையாளர், தொகை, தேதி மூன்றையும் சேர்த்து அடையாளமாக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், ஒரே நாளில் ஒரே சாப்பாட்டை உண்மையிலேயே இரண்டு தடவை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தானாகத் திரும்ப அனுப்பும் பகுதியை எழுதும்போது 2 விநாடி, 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி அதோடு கொஞ்சம் சீரற்ற நேரத்தையும் சேருங்கள். சீரற்ற நேரம் காத்திருக்கும் யோசனை 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோகாநெட் என்ற ரேடியோ நெட்வொர்க்கிலேயே இருந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதினால், ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி பேசுவது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதைச் செய்யவில்லை. சர்வர் 10 நிமிடம் படுத்து எழுந்தது, எல்லாக் கருவிகளும் சரியாக 30 விநாடிக்கு ஒரு தடவை ஒன்றாகக் கதவைத் தட்டின, மறுபடி படுத்துவிட்டது. உங்கள் ஆறு வேனுக்கு இது அதிகம்தான், ஆனாலும் நாலு வரிதானே.

பழைய கேபிள்காரன்

உங்கள் சர்வருக்கும் கட்டணச் சேவைக்கும் நடுவிலும் நெட்வொர்க்தான் இருக்கிறது தம்பி. அங்கே டைம்அவுட் ஆனால் 'வெற்றி', 'தோல்வி' இரண்டில் ஒன்றை எழுதாதீர்கள், 'தெரியவில்லை' என்று மூன்றாவது நிலை ஒன்று வைத்து, பிறகு அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். ராத்திரி ஒரு தடவை அவர்கள் பட்டியலையும் உங்கள் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

உட்லண்ட்ஸ் வேலு

எல்லாம் செய்தாயிற்று. ஒரு டிரைவர் பழக்கதோஷத்தில் இன்னும் மூன்று தடவைதான் அழுத்துகிறார், சர்வரின் பதிவேட்டில் (லாகில்) மூன்றும் வந்திருக்கின்றன, பணம் ஒரு தடவைதான் போயிருக்கிறது. பாட்டிக்கு 172 வெள்ளி திரும்பப் போய்விட்டது.

ஆனால் ராத்திரி ஒப்பிடும் வேலையை முதல் தடவை ஓட்டியதில், பழைய ஆர்டர்களில் பதினொன்றுக்குச் சாப்பாடு போயிருக்கிறது, பணம் எடுக்கவே இல்லை. டைம்அவுட் ஆனதும் நான் 'வெற்றி' என்று எழுதிவைத்த ஒரு வரிதான் காரணம். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.