மஞ்சள் கல்வாழையில் பாதிச் சிவப்புப் பூ: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அம்மாபேட்டை, சேலம்:
துவைகல் தண்ணீர் குடித்தே வளர்ந்த கல்வாழை. ஐந்து ஆண்டுகளாக, சிவப்புப் புள்ளி தெளித்த மஞ்சள் பூதான். போன ஐப்பசியில் ஒரே ஒரு தண்டில் மட்டும் இலையின் ஒரு பக்கம் பச்சை, நடுநரம்பைத் தாண்டினால் கருஞ்சிவப்பு. பூ விரிந்தபோது ஒரு மடல் மஞ்சள், அடுத்த மடல் இரத்தச் சிவப்பு. ஏதோ நோய், மற்றதற்கும் தொற்றும் என்று பயந்து மொத்தப் புதரையும் வெட்டி, கிழங்கையும் தோண்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். வண்டி தெருமுனை திரும்பும்போது அந்தப் பூ விளிம்பில் தொங்கி ஆடிக்கொண்டு போனது. எட்டு மாதமாகியும் அது கண்ணைவிட்டுப் போகவில்லை. நோய்தானா அது?

சூரமங்கலம்:
நோயேதான், வெட்டியது சரி. எங்கள் செடியில் இலையெங்கும் மஞ்சள் கீற்று ஓடியது. பார்க்கலாம் என்று விட்டுவைத்தேன். ஒரே பருவத்தில் பன்னிரண்டு தொட்டியும் கெட்டுப்போயின.

ஏற்காடு:
ஐயா, மன்னிக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். உங்கள் செடிக்கு வந்தது வைரஸாக இருக்கலாம். அதில் நரம்போடு சேர்ந்து மஞ்சள் கீற்று ஓடும், இலை காய்ந்து கிழியும், செடி குன்றும். கிழங்கு வழியாகவும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வழியாகவும் பரவும், மருந்து கிடையாது, பிடுங்கத்தான் வேண்டும். அக்கா சொல்வது வேறு. மஞ்சளில் சிவப்புப் புள்ளி, கருஞ்சிவப்புப் பட்டை விழுந்த இலை, திடீரென்று பாதிச் சிவப்புப் பூ: இது கிளியோபாட்ரா என்ற ரகத்தின் பிறவிக் குணம். ஒரே செடிக்குள் இரண்டு வகைத் திசு கலந்திருக்கிறது, எது மேலே வருகிறதோ அந்த நிறம். எங்களிடமும் இருக்கிறது. சில்வர் ஓக் நிழலில் மூன்று ஆண்டு வெறும் இலையாக நின்றது. வெயிலுக்கு மாற்றிய பிறகுதான் பூத்தது. மூடுபனி விலகிய ஒரு காலையில் அந்த இரட்டை நிறத்தைப் பார்த்து நானும் பயந்தேன், ஆனால் வெட்டவில்லை.

ஓமலூர்:
என் பையன் சின்ன வயதில் கல்வாழை விதையைத் தகர டப்பாவில் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுவான். அதைத்தான் எழுத வந்தேன். அவ்வளவு கெட்டியான கறுப்பு விதை. விதை போட நினைப்பவர்கள் அப்படியே மண்ணில் புதைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரத்தில் ஓரிடத்தை மட்டும் தேயுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஓர் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறட்டும். ஆனால் தாய்ச்செடியின் நிறம் விதையில் வரும் என்று நம்பாதீர்கள், அதற்குக் கிழங்குதான். பிரிக்கும்போது துண்டுக்கு இரண்டு மூன்று கண் இருக்கட்டும். பூத்து ஓய்ந்த தண்டைத் தரையோடு அறுத்தால் பக்கக் குருத்து வேகமாக வரும். சித்திரை வெயிலில் நம் ஊரில் தண்ணீர் குறைந்தால் இலை ஓரம் தீய்ந்துவிடும், அடியில் வைக்கோலோ சருகோ போட்டு மூடுங்கள். இலைச்சுருட்டிப் புழு வந்தால் மருந்துக்கு ஓடாதீர்கள், சுருளைப் பிரித்துப் புழுவை எடுத்தாலே போதும்.

சூரமங்கலம்:
ஏற்காட்டுத் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் சந்தேகம் வந்தால் பிரித்து வேறு தொட்டியில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது. என் பன்னிரண்டு தொட்டியை நான் மறக்க முடியாது.

அம்மாபேட்டை, சேலம்:
படித்துவிட்டு அன்று மாலையே பழைய இடத்தைக் கிளறினேன். அந்தக் கிழங்கைத் தந்த பக்கத்து வீட்டு அத்தை ஊரைவிட்டே போய்விட்டார், இனி கேட்டு வாங்க வழியில்லை. விரல் நீளத்தில் ஒரு துண்டு மண்ணுக்குள் தப்பியிருந்தது. வெயில் படும் இடத்தில் தனித் தொட்டியில் வைத்தேன். இதுவரை இரண்டு குருத்து வந்திருக்கிறது. இரண்டும் முழுப் பச்சை.