சந்தாவை நிறுத்தினேன், கார்டு அங்கேயே இருந்தது

படமும் தொடரும் பார்க்கும் சந்தா ஆப்களால் சிக்கலில் மாட்டிய மூன்று பேர் சொன்னவை இவை.

என் ஆப்பின் 'தொடர்ந்து பார்க்க' வரிசையில் நான் தொடவே தொடாத ஒரு குத்துச்சண்டைத் தொடர், ஏழாவது எபிசோடில் பாதியில் நின்றிருந்தது. வீட்டில் யாராவது பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஆப்பின் மொழியே மாறியிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.

உடனே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் பார்த்தால் அந்த ஆள் எட்டாவது எபிசோடையும் முடித்திருந்தார்! பாஸ்வேர்டை மாற்றினால் உள்ளே இருப்பவர் தானாக வெளியே போய்விடுவார் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். எல்லாச் சேவைகளிலும் அப்படி நடப்பதில்லை. ஒரு டிவியில் ஒருமுறை நுழைந்துவிட்டால், அந்த நுழைவு தனியாக உயிரோடு இருக்கலாம். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைத் தேடிப்பிடித்து அழுத்திய பிறகுதான் தொடர் நின்றது. பாவம், கடைசி எபிசோடு பாக்கி.

எப்படி வந்தார்? நம் மின்னஞ்சல் எந்தத் தளத்தின் தகவல் கசிவில் சிக்கியது என்று காட்டும் 'ஹேவ் ஐ பீன் ப்வ்ன்ட்' தளத்தில் (2013-இல் டிராய் ஹன்ட் என்ற இணையப் பாதுகாப்பு வல்லுநர் தொடங்கியது) என் மின்னஞ்சலைப் போட்டேன். எப்போதோ கணக்கு தொடங்கி மறந்துபோன ஒரு தளத்தின் பெயர் வந்தது. அங்கேயும் இதே பாஸ்வேர்டுதான். இப்படிக் கசிந்த பட்டியலை ஒரு நிரலில் ஏற்றி, வரிசையாக மற்ற தளங்களில் போட்டுப் பார்ப்பார்களாம். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கிய சில நாட்களிலேயே பயனர்களின் கணக்குகள் திருடப்பட்டு விலைக்கு வந்தபோது, தங்கள் பக்கம் ஊடுருவல் நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது அந்த நிறுவனம். அன்று அதைச் சாக்கு என்றேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கார்டைப் பொறுத்தவரை, கணக்குப் பக்கத்தில் கடைசி 4 எண்கள் மட்டுமே தெரிந்தன. முழு எண்ணை அவரால் எடுத்திருக்க முடியாது. ஆனால் சந்தாவை மேல்திட்டத்துக்கு மாற்ற அந்த எண் அவருக்குத் தேவைப்படவே இல்லை. மாற்றியும் இருந்தார்.

* * *

என் கதை இதற்கு நேர்மாறு. நான் சந்தாவையே ரத்து செய்திருந்தேன். மாதங்கள் கழித்துப் பணம் போனது. ரத்தானது சந்தா மட்டும்தான், கணக்கும் அதிலிருந்த கார்டும் அப்படியே இருந்திருக்கின்றன. யாரோ நுழைந்து 'மீண்டும் தொடங்கு' என்று ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார்கள்.

'பழைய கார்டு காலாவதியாகிவிட்டதே, எப்படிப் போனது?' என்று வங்கியில் சண்டை போட்டேன். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலுமே புதுக் கார்டின் விவரத்தை வணிகர்களுக்குத் தானாகச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு இருக்கிறதாம். சந்தா தடைபடாமல் இருக்க வைத்த வசதி. எனக்கு வசதியாக இல்லை.

* * *

எனக்குக் கணக்கே திருடுபோகவில்லை. 'உங்கள் கட்டணம் நிராகரிக்கப்பட்டது, கார்டு விவரத்தைப் புதுப்பிக்கவும்' என்று ஒரு மெயில். லோகோவெல்லாம் அச்சு அசல். சுட்டியைத் தட்டி, பின்பக்க 3 எண் உட்பட எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து நிரப்பினேன். ஓடிபி வந்தபோதுதான் அந்தக் குறுஞ்செய்தியில் இருந்த தொகையைப் பார்த்தேன். சந்தாத் தொகையைப் போலப் பல மடங்கு. அதைப் போடாமல் கார்டை முடக்கினேன். அப்புறம் ஆப்பைத் திறந்தால் படம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடுகிறது, கட்டணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதாம்.